வேட்டைக்கும் ஒரு மரியாதை

வேட்டைக்காரர் என்றதும் முறுக்கு மீசை, தோளில் துப்பாக்கி, காலடியில் செத்த புலி என்று ஒரு படம் வந்துவிடுகிறது. ஜமீன் வீட்டு வரவேற்பறையில் அதற்குச் சட்டம் போட்டு மாலையும் சாத்தியிருப்பார்கள். காசிமேட்டு மீன் வேட்டைக்காரருக்கு மடித்துக் கட்டிய லுங்கியும் வலை ஊசியும்தான். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வது கூடுதல் மரியாதை.

ஆனால் முறை தெரிந்தவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டு வலை தைப்பார். (அரசாங்கம் சொல்லித்தான். சொன்னால் கேட்கிறாரே!)

எண்ணூரில் வேறு மாதிரி வேட்டை. கூழைக்கடாவைக் கவண்கல்லால் அடித்தால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு வந்த ஆலை எண்ணெய்க்கு உரிமம் கிடையாது, தடைக்காலம் கிடையாது, குறி பார்க்கும் சிரமமும் கிடையாது. வெள்ளை மார்பில் தார் பூசினாற்போல் நின்றது ஒரு கூழைக்கடா. இறக்கையை உதறியது, ஒட்டிக்கொண்டது. இதற்குப் பெயர் வேட்டை இல்லையாம், ‘கசிவு’. என்ன நாசூக்கு!

எண்ணெயை அள்ளுவதற்கு மீனவர்களைத்தான் கூப்பிட்டார்கள். முழங்கை வரை கறுப்போடு கரையேறியவரிடம் கேட்டேன்:

“இன்னிக்குப் பாடு எப்படிண்ணே?”

“ரெண்டு பேரல்பா. கொழம்பு வைக்கிறியா?”