தொடர்ப்பரிந்துரை இயல்: எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தை முன்வைத்து

மாயக்கதைத் தொடர் ஒன்றைப் படித்து முடித்தவர், அதைப் படித்தே ஆகவேண்டும் என்று இன்னொரு வாசகரை நெருக்குவது தொடர்ப்பரிந்துரை எனப்படும். ஒற்றை நூலைப் பரிந்துரைத்தவரின் பொறுப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். தொடரைப் பரிந்துரைத்தவரோ புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மாதிரி, கடைசிப் பாகம் வரை பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

எது மாயக்கதை என்பது நிலத்துக்கு நிலம் மாறும். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்து ஐந்து பாகங்களாக நிற்கும் ‘பொன்னியின் செல்வன்’ பிற ஊர்களில் வரலாற்று நாவல். அதன் தொடக்கத்திலேயே ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரி தளும்புகிறது. வந்தியத்தேவன் கரையோரமாகக் குதிரையில் போகிறான். எம்.ரெட்டியபட்டி அமைந்துள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் காட்டில் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஆடியில் அவற்றில் பாளம் பாளமாக வெடித்த மண்ணும் சீமைக்கருவேலும்தான் இருக்கும். ஆடி மாதத்தில் நிறைந்த ஏரியை ஒருவர் நம்பிவிட்டால், அதன்பின் பறக்கும் டிராகனை நம்புவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இராது. ஆகவே இவ்வியலில் அந்நூல் மாயக்கதைத் தொடராகவே கொள்ளப்படுகிறது. ஆட்சேபம் உள்ளோர் ஆடியில் நேரில் வந்து பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறானவர் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின். அவருடைய தொடரில் பருவம் ஒன்று மாறாமல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அமெரிக்க வாசகருக்கு இது அபாரக் கற்பனை; மழை பொய்த்த ஆண்டுகளை அடுத்தடுத்துக் கண்ட மானாவாரி விவசாயிக்கு யதார்த்தவாதம்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியின் நிலை சிக்கலானது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை நீங்கலாக அவர் முழுதும் மறைந்துபோவார். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருந்தால், பகலில் பெரும்பகுதி எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே திரிந்திருப்பார். இவரை மாயக்கதையில் சேர்ப்பதா, மின்வாரியத்தில் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பரிந்துரைக்கும் பருவம் உண்டு. புரட்டாசி விதைப்பு தொடங்கி மாசியில் களத்துவேலை ஓயும்வரை எவர் காதிலும் எந்தத் தொடரும் ஏறாது. பங்குனி தொட்டு ஆவணி வரை வேப்பமர நிழலும் டீக்கடை பெஞ்சும் நிரம்பியிருக்கும். பரிந்துரை நோய் பரவுவது அப்போதுதான்.

அந்நோயின் முதல் அறிகுறி ஒரு வாக்கியம்: “மொதப் பாகம் கொஞ்சம் இழுக்கும் மாப்ள, மூணாவதுல பாரு.” இதைச் சொல்பவர் எவரும் முதலிரண்டு பாகங்களில் தாம் கொட்டாவி விட்ட இடங்களை நினைவில் வைத்திருப்பதில்லை. மூன்றாம் பாகத்தின் இன்பத்தில் பாதி, முதலிரண்டைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியே என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் அறிகுறி, கதையின் முக்கியச் சாவை உளறிவிட்டு “அத விடு, நீயே படிச்சுக்க” என்பது. எதிர்த்தரப்பின் விடை பெரும்பாலும் “சரிண்ணே, படிக்கிறேன்” என்றிருக்கும். படிக்கமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்ல இவ்வட்டாரத்தில் வேறு வழி கிடையாது.

நீளம் தனியே கவனிக்கத்தக்கது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி 2020இல் நிறைவுற்றது, 26 நாவல்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பவருக்கோ மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுபவருக்கோ இதைப் பரிந்துரைப்பது பகைமைச் செயலாகும். பென்ஷன் வாங்குவோருக்குத் தடையில்லை. இந்தச் சிக்கலுக்கு விக்கிரமாதித்தன் கதை எப்போதோ தீர்வு கண்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டு ஆள்வதற்கு வரம் வாங்கிய ராஜாவை, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று பிரித்து இரண்டாயிரம் ஆண்டு வாழவைத்தான் மந்திரி பட்டி. நீண்ட தொடர்களை வாசிக்க இதுவே குறைந்தபட்ச ஆயுள்; குறிப்பிட்ட அந்த ஆறு மாதம் காட்டில் இருப்பது வாசிப்புக்கும் நல்லது.

இனி இரவல். நல்ல பரிந்துரைகள் பெரும்பாலும் பாழாவது இங்கேதான். ஒன்றாம் பாகத்தைக் கொடுத்தவர் வீட்டில் இரண்டாம் பாகம் இருக்காது. அது அருப்புக்கோட்டை மச்சினரிடம் போய் மூன்று தீபாவளி ஆகியிருக்கும். நூலகத்திலோ பாகங்கள் ஒன்று, மூன்று, ஐந்து என்று பஸ் ஸ்டாப் போல விட்டுவிட்டு நிற்கும். இரண்டாம் பாகம் கிடைக்காமல் நேரே மூன்றுக்குத் தாவிய வாசகர்கள், இடைப்பட்ட கதையைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள். ஒருசில இடங்களில் அது மூலத்தைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது.

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை வருமாறு. புதிய வாசகருக்கு முதலில் தரவேண்டியது பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை: ஒரே கட்டாகக் கிடைக்கும், எந்தப் பதுமை சொல்லும் கதையிலும் தொடங்கலாம், கதை முடிந்தும்விட்டது. ‘பொன்னியின் செல்வ’னைப் பரிந்துரைக்கத் தகுதியுடையவர் ஐந்து பாகத்தையும் கையில் வைத்திருப்பவரே. மார்ட்டினின் முதல் பாகம் 1996இலும் ஐந்தாம் பாகம் 2011இலும் வந்தன. ஆறாவது வரும்வரை அவரை எவருக்கும் பரிந்துரைக்கலாகாது.