நன்கொடைக்குக் கணக்கு உண்டா?

கே: கம்பெனிகள் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தன என்று வெளியே சொல்லித்தான் ஆக வேண்டுமா? (ஒரு நெசவாளர், செவிலிமேடு, காஞ்சிபுரம்)

ப: ஆமாம். கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆம் பிரிவுப்படி கட்சியின் பெயரும் தொகையும் லாப நட்டக் கணக்கில் வர வேண்டும். மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் உச்சவரம்பு. இடையில் 2017-ன் நிதிச் சட்டம் கட்சியின் பெயரைச் சொல்லும் கடமையையும் உச்சவரம்பையும் கழற்றிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் வள்ளலாகலாம் என்றானது!

2018-ல் கட்சிகளுக்கு நன்கொடை தரத் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை கிடைத்தது. வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. புற ஊதா விளக்கில் பிடித்தால் மட்டும் ஓர் எண் தெரியும். சரிகையை உரசிப் பார்த்தே புடவை வாங்கும் காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு சரக்கு விலைபோயிருக்காது.

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பத்திரத்தையும் 2017-ன் அந்தத் திருத்தங்களையும் செல்லாதவை என்றது. பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை. அமர்வு கேட்ட பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. மார்ச் 11-ல் நீதிமன்றம் மறுத்ததும், மறுநாளே கொடுத்துவிட்டது.

பத்திரம் வாங்கியவர் பட்டியலில் முதலிடம் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி. அதில் 509 கோடி தமக்கு வந்ததாக தி.மு.க.வே தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை என்பது உபரித் தகவல்.

கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை என்ற சந்து இன்னும் திறந்திருக்கிறது. கொடுத்த கம்பெனிகளின் பெயர் தெரியும், பெற்ற கட்சிகளின் பெயரும் தெரியும்; யார் பணம் யாருக்குப் போனது என்பது பெரும்பாலும் தெரியாது.