என் கதவு எப்பவும் திறந்திருக்கும்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். பான்ட்ரியில் நாலு பேர் சம்பளத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் காபிக் கோப்பையோடு வந்ததும் பேச்சு சட்டென்று சி.எஸ்.கே. பக்கம் திரும்பிவிடும். அவர்தான் ஹெச்.ஆர். மேடம். "எதுன்னாலும் தயங்காம சொல்லுங்க, என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்பார். சுவரே இல்லாத அந்தத் தளத்தில் அவருடைய கதவு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் ஃப்ரீயா?" என்று அவர் சாட்டில் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் முதலில் திறந்து பார்ப்பது வீட்டுக் கடன் கணக்கை.

மேடத்தின் வம்சம் பழையது. அமெரிக்காவின் டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி 1901இல் தொழிலாளர் தகராறில் சிக்கித் திணறியது. அதன்பிறகுதான் முதலாளி ஜான் பேட்டர்சன், ஊழியர் குறைகளைக் கேட்கத் தனித் துறை வைத்தார். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்கு நல அதிகாரி கட்டாயம் என்றது. அந்த வெல்ஃபேர் ஆபீசர் கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். யூனியன்காரர்களிடம் திட்டும் வாங்கினார். மேடத்துக்குச் சாம்பார் கவலை கிடையாது. வெள்ளிக்கிழமை ரங்கோலிப் போட்டி, பொங்கலுக்கு வேட்டி தினம், மாதம் ஒரு மகிழ்ச்சி சர்வே. சர்வேயில் யார் பெயரும் தெரியாது என்று சத்தியம் செய்வார். நிரப்பாதவர்களுக்கு மட்டும் பெயர் போட்டு நினைவூட்டல் வரும்.

அப்ரைசல் காலத்தில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும். ஆண்டுதோறும் கடைசி 10 சதவீதத்தினரை வெளியே அனுப்பச் சொன்னவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச். அடோபி 2012இல் வருடாந்தர மதிப்பீட்டையே கைவிட்டது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஊழியர்களை வரிசைப்படுத்துவதை நிறுத்தியது. மேடம் இரண்டையும் லிங்க்ட்இனில் கைதட்டி வரவேற்றார். பிறகு மீட்டிங் ரூமுக்குப் போனார்.

"நீங்க நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. ஆனா பெல் கர்வ்னு ஒண்ணு இருக்கே!"

"அப்ப நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

"தப்பே இல்ல. மத்தவங்க கொஞ்சம் கூடுதலா நல்லாப் பண்ணிட்டாங்க."

கூகுள் மீது அவருக்குத் தீராத பக்தி. அங்கே 2006 முதல் பத்தாண்டு ஹெச்.ஆர். துறையை நடத்திய லாஸ்லோ போக், ஒருவரைத் தேர்ந்தெடுக்க நாலு நேர்காணல் போதும் என்று புள்ளிவிவரத்தோடு முடிவுகட்டினார். மேடத்தின் கம்பெனியில் ஏழு சுற்று. ஏழாவது சுற்றுக்கு அழைப்பு வருவதற்குள் விண்ணப்பித்தவர் வேறு இடத்தில் சேர்ந்து ப்ரொபேஷனே முடித்திருப்பார்.

பயோடேட்டாக்களை வடிகட்ட அமேசான் ஒரு மென்பொருள் செய்து பார்த்தது. பத்தாண்டு விண்ணப்பங்களை, அதாவது பெரும்பாலும் ஆண்களின் விண்ணப்பங்களை, படித்துத் தேறிய அது பெண்கள் கல்லூரிப் பெயரைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்தது. 2018இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டபோது திட்டம் கைவிடப்பட்டிருந்தது. பாவம், மனிதர்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது.

ஐ.பி.எம்.மில் லீவு, சான்றிதழ் சமாசாரங்களை 'ஆஸ்க்ஹெச்ஆர்' என்ற மென்பொருளே கவனித்துக்கொள்கிறது. சில நூறு ஹெச்.ஆர். ஊழியர்களின் வேலையை ஏ.ஐ. எடுத்துக்கொண்டதாக 2025இல் தலைவர் அரவிந்த் கிருஷ்ணாவே சொன்னார். அந்தச் செய்தி வந்த அன்று மேடம் காபி குடிக்க வரவில்லை.

ஆனால் வேலை போய்விட்டது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! 2021 டிசம்பரில் பெட்டர்.காம் தலைவர் விஷால் கார்க், சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் தாமே வீட்டுக்கு அனுப்பினார். உலகமே காறித் துப்பியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் லீவில் போனார். மேடமாக இருந்தால் தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி சகிதம் உட்கார்ந்து, குரல் உயராமல், தனித்தனியாகச் சொல்லி முடித்திருப்பார். இந்த வேலையை அவரிடமிருந்து யாரும் பறிக்கப்போவதில்லை. இன்க்ரிமென்ட் மட்டும் அவருக்கும் அதே பெல் கர்வ்தான்.