ஆடி மழையில் வால்பாறை

கேள்வி: ஆடி மாதத்தில் குடும்பத்தோடு வால்பாறைக்கு மோட்டாரில் புறப்பட உத்தேசம், மைத்துனர் வண்டி ஓட்டுவார். வழியில் ஆங்காங்கே இறங்கி நடக்கவும் ஆசை. மழை தொந்தரவு செய்யுமா?

பதில்: ஆடியில் வால்பாறைக்குப் போகிறவர் மழை தொந்தரவு செய்யுமா என்று கேட்பது, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் அங்கே மேளச் சத்தம் இருக்குமோ என்று விசாரிப்பதற்குச் சமானம். ஆழியாற்றைத் தாண்டியதும் ஆரம்பமாகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் அவசியம் இறங்குங்கள்; மேகம் கிருபை கூர்ந்து விலகுமாயின் நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் விரியும், விலகாவிட்டாலும் நனைவதைச் சற்றும் பொருட்படுத்தாத வரையாடுகள் பாறை விளிம்பில் தரிசனம் தரக்கூடும். தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாற்றில் நடக்க விரும்பினால், அனுமதி உண்டா என்று வனத்துறையினரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

நடையில் தங்களுக்குத் துணை வரப்போவது அட்டை. நூலிழை போல் நெளிந்து, காலணியின் கண் வழியே நுழைந்து, காலுறையின் பின்னலையும் ஊடுருவி அது கடிப்பது தெரியவே தெரியாது; அதன் உமிழ்நீர் உதிரத்தை உறையவிடாதாகையால், அது வயிறு நிறைந்து விடைபெற்ற பிறகே ஈரம் கண்டு திடுக்கிடுவீர்கள். உப்புப் பொட்டலம் ஒன்று கையோடிருக்கட்டும். மற்றபடி, மேலேறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை நியதியை மைத்துனருக்கு ஊரிலேயே உபதேசித்துவிடுங்கள். வளைவில் வைத்துச் சொன்னால், தங்கள் மனையாளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல நேரிடும்.