சோப்பு டப்பா மூடி

கோபாலபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு முதல்வரின் காலில்தான் விழவேண்டும். நாலாவது தெருவில் ஐந்து முறை தமிழ்நாட்டை ஆண்ட முதல்வரின் வீடு. சுற்றிலும் பள்ளிக்கூடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல்வர். அந்தப் பள்ளிகளில் முதலாவதாக வந்த பிள்ளைகள் எங்கள் அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு வீடு. இத்தனை பேருக்கு நடுவில் ஐம்பது வருஷமாகக் குடியிருந்தும் எதிலும் முதலாக வராத ஆள் நான்.

இது முழு உண்மை இல்லை. எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில், மூன்று கால் ஓட்டத்தில் எனக்கு முதல் பரிசு. ஓடியது என்னுடன் கட்டப்பட்ட நெட்டைப் பையன். நான் அவன் காலோடு போனேன், மூட்டையைப் போல. மேடைக்குப் போனோம். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா. பரிசு கொடுத்த தலைமை விருந்தினருக்கு மூன்று கால் ஓட்டத்தில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நியாயமாகப் பிரித்துக்கொண்டோம். அவனுக்கு டப்பா, எனக்கு மூடி.

படிப்பில் அந்த மூடியளவுகூடத் தேறவில்லை. 1991இல் ப்ளஸ் டூவில் 1200க்கு 812. அப்பா மார்க் ஷீட்டைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். நான் என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "நாலாவது தெருக்காரர்கூடப் பள்ளி இறுதித் தேர்வில் தேறலைப்பா. முதலமைச்சர் ஆகலையா?"

அப்பா அசரவில்லை. "பராசக்தி வந்தப்போ அவருக்கு இருபத்தெட்டு வயசு. உனக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. உட்கார்ந்து வசனம் எழுது."

எனக்கு இருபத்தெட்டு முடிந்த அன்று காலையில் அப்பா காலண்டரில் தேதி கிழித்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகக் கிழித்தார், அவ்வளவுதான்.

2015இல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது 500க்கு 499 எடுத்து மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். ஒரு பெஞ்சு அல்ல, ஒரு வகுப்பறையே முதலிடம். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாற்பத்தோரு பேர் முதலா வந்திருக்கான். அதுலகூட நீ இல்லையேடா" என்றார். எனக்கு அப்போது வயதும் நாற்பத்தொன்று.

இரண்டு வருஷம் கழித்து, 2017இல், ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. எனக்கு அதில் ஒரு தனிப்பட்ட நிம்மதி. ஆனால் மாடி வீட்டு மாமா விடவில்லை. 1200 மார்க் 600 ஆனபோது அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர் டாலரை ரூபாயாக்குகிற மாதிரி மார்க்கைப் பெருக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுப் பெண் 585 என்றால், "நம்ம காசுல 1170" என்பார். என்னுடையதை மட்டும் வகுத்துக் காட்டுவார். "இன்னைக்குத் தேதிக்கு உன்னோடது 406தான்டா."

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு மார்க் மட்டும் போதாது. படிப்பு, விளையாட்டு, சமூக சேவை என்று மூன்று காலிலும் ஓடவேண்டும், கட்டிக்கொள்ளத் துணைக்கு நெட்டைப் பையனும் கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருப் பெற்றோர் கேட்கும் கேள்வி, குழந்தைக்கு எந்த விளையாட்டு பிடிக்கும் என்பதல்ல. எந்த விளையாட்டுக்கு ஆள் வருவதில்லை என்பது. 2025இல் இங்கேயே குத்துச்சண்டை அகாடமி திறந்ததும் ஒரு அம்மா என்னிடம் மிகுந்த கவலையோடு விசாரித்தார்: "மூக்குல படாம குத்துச்சண்டை சொல்லித் தருவாங்களா சார்?" என் மகள் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அவளிடம் மார்க் பற்றிப் பேசுவதில்லை.

சேவைக்காகப் பெசன்ட் நகர் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனாள். நான்தான் கூட்டிப் போனேன். அன்று சாயங்காலம் பார்த்து வேறு இரண்டு பள்ளிகளும் அதே சேவைக்கு வந்திருந்தன. மூன்று நிறத்தில் சீருடை, கையுறை, கோணிப்பை. மணலில் குப்பைதான் போதவில்லை. கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு பள்ளிகள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்து, யார் குனிவது என்று சின்னத் தகராறு. போட்டோ எடுக்க வேண்டுமே! அப்பாக்கள் நாங்கள் நாலு பேர் ஓரமாக நின்று சுண்டல் வாங்கித் தின்று, காலிப் பொட்டலங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து எங்களால் ஆன சேவையைச் செய்தோம். நான் இரண்டு பொட்டலம்.

ஆண்டு விழாவில் அவளுக்கு மூன்று பரிசு. மூன்றுக்கும் மேடையேறினாள். கைதட்டிக் கைதட்டி, மூன்றாவது முறை போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். அதற்காக இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஷோகேஸில் இடமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவும் மகளும் கோப்பைகளை எல்லாம் தரையில் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஷோகேஸின் மூலையில் முப்பத்தெட்டு வருஷமாக இருந்த என் மூடியைக் காணோம். பதறிப் போய்த் தேடினேன். அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில்தான் புளி கரைத்து வைத்திருந்தார்கள்.