பிரவுசர்களின் தொப்பை வரலாறு

உலகத்தின் முதல் பிரவுசர் ஒரே ஒரு வகைக் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர் அநேகமாக யாரிடமும் இல்லை. இப்படி அமோகமாகத் தொடங்கிய வரலாறு இது.

1990-ன் கடைசி. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் அணுத்துகள்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட செர்ன் ஆராய்ச்சி மையம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், மோதலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு 'வேர்ல்டுவைடுவெப்' என்றொரு மென்பொருளை எழுதினார். அதில் பக்கத்தைப் படிக்கலாம். படித்துக்கொண்டே திருத்தவும் செய்யலாம். ஆனால் அது நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், வீராப்போடு தயாரித்த கறுப்புப் பெட்டி அது. பார்க்க ராஜகளை. விலையும் ராஜாக்களுக்கே கட்டுப்படியாகும்.

சரிப்படாது என்று நிக்கோலா பெல்லோ என்ற மாணவியிடம் இன்னொன்று எழுதச் சொன்னார்கள். எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவரும் எழுதினார். படம் இல்லை, மவுஸ் இல்லை, திருத்துகிற வசதி இல்லை. இணைப்புகளுக்கு நம்பர் போட்டிருக்கும்; நம்பரைத் தட்டினால் பக்கம் வரும். எல்லா வசதியும் இருந்த பிரவுசர் மேசையை விட்டு நகரவில்லை. ஒரு வசதியும் இல்லாதது உலகம் சுற்றியது.

வேகமா, வசதியா என்ற பஞ்சாயத்து அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று. அதற்குப் பிறகு வந்த பிரவுசர்கள் எல்லாம் மாப்பிள்ளை ஜாதி. பெண் பார்க்க வருகிறபோது ஒல்லியாக, துறுதுறுவென்று இருக்கும். தாலி கட்டி நாலு வருஷம் ஆனால் தொப்பை போட்டுச் சோபாவில் சாய்ந்துவிடும்.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் பிரவுசரை எழுதினார்கள். எழுத்துக்கு நடுவிலேயே படம் தெரிந்ததில் உலகம் சொக்கிப்போனது. ஒரே ஒரு சங்கடம். படம் உட்பட எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் மொசைக் பக்கத்தைக் காட்டும். மோடத்தில் 1 எம்பி இறங்குவதற்குப் பத்து நிமிஷம் பிடித்த காலம் அது.

அடுத்த வருஷம் ஆண்ட்ரீசன் கலிஃபோர்னியாவுக்குப் போய், ஜிம் கிளார்க் என்ற பணக்காரருடன் சேர்ந்து நெட்ஸ்கேப் நேவிகேட்டரைக் கொண்டுவந்தார். அது ஒரு தந்திரம் செய்தது. எழுத்தை முதலில் காட்டிவிட்டுப் படத்தைப் பின்னால் வரவழைத்தது. மோடம் பழைய மோடம்தான், காத்திருக்கும் நேரமும் பழைய நேரம்தான். படிக்க ஏதாவது கையில் கொடுத்துவிட்டார்கள். ஜனங்கள் 'என்ன வேகம்!' என்றார்கள். பிரவுசர் உலகத்தில் வேகம் என்று விற்கப்பட்ட சரக்கில் பாதி, காத்திருப்பவனைச் சமாதானப்படுத்தும் கலைதான்.

1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப் பங்குச் சந்தைக்கு வந்தது. 28 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலையே 58 டாலரைத் தாண்டி நின்றது. லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தொப்பை மட்டும் பணம் வருவதற்கு முன்பே விழ ஆரம்பித்திருந்தது. பிரெண்டன் ஐக் என்பவரை உட்காரவைத்துப் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்க வைத்தார்கள். உலகம் இன்றுவரை அந்தப் பத்து நாள் அவசரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எழுத்து மினுக் மினுக்கென்று கண்ணடிக்கிற 'பிளிங்க்' வசதியும் நெட்ஸ்கேப்பின் கைங்கரியமே. மதுக்கடையில் பேசிச் சிரித்த ஜோக்கை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக நிஜமாக்கிவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்தவரே பிற்பாடு சொன்னார். மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? எழுத்து பக்கவாட்டில் ஓடுகிற 'மார்க்கீ'யை இறக்கியது. நம் ஊர் அரசு அலுவலக இணையதளங்களில் டெண்டர் அறிவிப்புகள் இன்றும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருப்பது அந்தப் போரின் மிச்சம்.

மைக்ரோசாஃப்ட் போருக்கு வந்த விதமே தனி. 1995 மே மாதம் பில் கேட்ஸ் தன் அதிகாரிகளுக்கு 'இணையப் பேரலை' என்று தலைப்பிட்டு நீண்ட கடிதம் எழுதினார். அலை வருகிறது, படகைக் கட்ட நேரமில்லை. நல்லவேளை, ஸ்பைகிளாஸ் என்ற சின்னக் கம்பெனியிடம் மொசைக் உரிமையை ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தார்கள்; அதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று பெயர் சூட்டினார்கள். ஸ்பைகிளாஸுக்கு ஒரு சிறு தொகையும் வருமானத்தில் பங்கும் என்று ஒப்பந்தம். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரரை இலவசமாகக் கொடுத்துவிட்டது. பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் பங்கு எடுத்தாலும் எவ்வளவு வரும் என்பதை ஸ்பைகிளாஸ் அப்போதுதான் கணக்குப் போட்டது. 1997-ல் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதே 1997-ல் இரண்டு கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு தின்றன. நெட்ஸ்கேப் 'கம்யூனிகேட்டர்' ஆயிற்று. மெயில், செய்திக்குழு, பக்கம் தயாரிக்கும் கருவி, காலண்டர் எல்லாம் உள்ளே. அங்கே வேலை பார்த்த ஜேமி ஜவின்ஸ்கி, மெயில் படிக்கிற அளவுக்கு ஊதும்வரை எந்த மென்பொருளும் ஓயாது என்ற பொருளில் ஒரு விதியே வகுத்தார். எக்ஸ்ப்ளோரர் 4 இன்னும் ஒரு படி போய் டெஸ்க்டாப்பையே வெப் பக்கமாக மாற்றி, அதில் 'சேனல்'களை வரிசையாக மாட்டியது. வாங்கியவர்கள் முதலில் செய்த காரியம், அதை எப்படி அணைப்பது என்று தேடியது. அந்தப் பதிப்பு வெளியான இரவில் மைக்ரோசாஃப்ட்காரர்கள் ராட்சச 'இ' சின்னத்தைத் தூக்கிக்கொண்டு போய் நெட்ஸ்கேப் அலுவலகப் புல்தரையில் இறக்கிவைத்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் குப்புறத் தள்ளி, மேலே தங்கள் டைனோசர் பொம்மையை நிறுத்தி, 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18' என்று போர்டு மாட்டினார்கள். கோடிகளில் புரண்ட பெரிய மனிதர்கள்தான் எல்லோரும்.

போர்டில் இருந்த சந்தைப் பங்குக் கணக்கு நிலைக்கவில்லை. எக்ஸ்ப்ளோரர் விண்டோஸுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டபோதே அதன் பாதி உடம்பு விழித்திருந்ததால், கிளிக் செய்ததும் திறந்தது. நெட்ஸ்கேப்போ லோகோவைக் காட்டி யோசித்துவிட்டு எழுந்து வரும். ஜனங்கள் வேகத்தையும் பார்க்கவில்லை, வசதியையும் பார்க்கவில்லை. கண்ணெதிரே இருந்ததைக் கிளிக் செய்தார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க அமெரிக்க அரசுக்கு ஒரு பெரிய வழக்கு தேவைப்பட்டது.

நெட்ஸ்கேப் செய்த அடுத்த காரியம்தான் காவியம். இருந்த நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்கள். எழுதினார்கள், எழுதினார்கள், 5-ம் பதிப்பு வராமலே போய்விட்டது. 2000 நவம்பரில் 6-ம் பதிப்பு வந்தது, அரைவேக்காடாக. மெனுவைத் திறந்தால் மெனுவே மூச்சு வாங்கியது.

எதிரி வீழ்ந்ததும் மைக்ரோசாஃப்ட் 2001-ல் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போனது. 7-ம் பதிப்பு வந்தது 2006-ல். நடுவில் ஐந்து வருஷம், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்திய பிரவுசர் குறட்டை விட்டது. பாப்-அப் விளம்பரங்கள் ஒன்றை மூடினால் மூன்றாக முளைத்தன.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பிரச்னையே வேறு. தமிழ்ப் பத்திரிகைகளின் இணையதளங்கள் ஆளுக்கொரு ஃபாண்ட் வைத்திருந்தன. ஃபாண்ட் தானாக வந்து இறங்கும் நுட்பம் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு விதம், நெட்ஸ்கேப்புக்கு வேறு விதம். மாற்றித் திறந்தால் முதலமைச்சரின் அறிக்கை, ஐரோப்பிய எழுத்துகளுக்குக் கொம்பும் வாலும் முளைத்த மாதிரி தெரியும். எந்தப் பிரவுசர் வேகம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எதில் தமிழ் தெரிகிறது என்பதுதான் கேள்வி. பிரவுசர் வரலாற்றிலேயே இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்ட ஜனங்கள் குறைவு.

இந்தக் கூச்சலில் நார்வேக்காரர்கள் ஓபரா என்று ஒன்றை அமைதியாகச் செய்துகொண்டிருந்தார்கள். சின்னது, வேகமானது, வசதிகளும் உண்டு. அப்புறம் ஏன் ஜெயிக்கவில்லை? காசு கேட்டார்கள். பக்கத்தில் ஒருவன் இலவசமாக அள்ளி விடும்போது கல்லாவில் உட்காருவதற்குத் தனி மனோதிடம் வேண்டும். 2005 ஏப்ரலில் ஓபரா 8 வந்தபோது, நாலு நாளில் பத்து லட்சம் டவுன்லோடு ஆனால் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு நீந்துவேன் என்று தலைவர் யோன் வான் டெட்ஸ்னர் சொல்லிவைத்தார். ஆகிவிட்டது. வாக்குத் தவறாத மனிதர், கடலில் இறங்கினார். கூடவே ரப்பர் படகில் வந்த அதிகாரியின் படகு மூழ்க, அவரைக் 'காப்பாற்ற' வேண்டி வந்ததால் பயணம் கரையோரமே முடிந்தது. அந்த வருஷமே ஓபராவும் இலவசமாயிற்று.

அதற்குள் ஒல்லி மாப்பிள்ளை ஒருவர் வந்துவிட்டார். நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த மொசில்லாவும் மெயிலும் இன்ன பிறவுமாகப் பருத்துக் கிடந்தது. 17 வயது பிளேக் ராஸும், டேவ் ஹையட்டும் சில கூட்டாளிகளும், பிரவுசர் பிரவுசராக மட்டும் இருந்தால் என்ன என்று யோசித்து மற்றதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். 2002-ல் ஃபீனிக்ஸ் என்று பெயர். அந்தப் பெயர் எங்களுடையது என்று ஒரு கம்பெனி வந்தது. ஃபயர்பேர்டு என்று மாற்றினால் அதே பெயரில் இருந்த டேட்டாபேஸ்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது பெயர் ஃபயர்ஃபாக்ஸ். 2004 நவம்பர் 9 அன்று 1.0 பதிப்பு. டேப் உண்டு, பாப்-அப்புக்குத் தடை உண்டு. வேறு வசதி வேண்டுவோர் எக்ஸ்டென்ஷனாகத் தாங்களே மாட்டிக்கொள்ளலாம். ஜனங்கள் இருபது எக்ஸ்டென்ஷனை மாட்டிக்கொண்டு, 'ஃபயர்ஃபாக்ஸ் மெமரியைத் தின்கிறது' என்று கம்ப்ளெயின்ட் கொடுத்தார்கள்.

2008 செப்டம்பர் 2. அடுத்த ஒல்லி: கூகுள் குரோம். அறிமுகத்துக்குக் காமிக்ஸ் புத்தகமே போட்டார்கள். அது ஒரு நாள் முன்னதாகவே தபாலில் போய்ச் சேர்ந்து ரகசியம் உடைந்தது. ஜாவாஸ்கிரிப்டை விரட்டி ஓட்ட வி8 என்ற இன்ஜினை டென்மார்க்கில் லார்ஸ் பாக் தலைமையில் எழுதியிருந்தார்கள். ஒரு டேப் செத்தால் மற்றவை பிழைக்கும். மற்றபடி மொட்டை; எக்ஸ்டென்ஷன்கூடக் கிடையாது, அது 2010-ல்தான் வந்தது. அதே வருஷம் உருளைக்கிழங்கைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டு, அது சிதறுகிற நேரத்துக்குள் பக்கம் வந்துவிடுவதை விளம்பரமாக எடுத்தார்கள். ஓபரா தன் பங்குக்கு உருளைக்கிழங்கை நிதானமாக வேகவைத்துக் கேலி வீடியோ போட்டது.

அப்புறம் வந்தது பரீட்சைக் காலம். ஆப்பிள் பக்கத்தில் சன்ஸ்பைடர், கூகுளுக்கு ஆக்டேன், மொசில்லாவுக்குக் கிராக்கன் என்று ஆளுக்கொரு வேகப் பரீட்சை. அவரவர் வைத்த பரீட்சையில் அவரவர் கெட்டிக்காரர். 2010-ல் எக்ஸ்ப்ளோரர் 9, சன்ஸ்பைடரின் ஒரு கணக்கை நம்ப முடியாத வேகத்தில் முடித்தது. மொசில்லாக்காரர் ஒருவர் அந்தக் கேள்வியில் அர்த்தமில்லாத ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தார். வேகம் காணாமல் போனது. விடை யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்தால் கணக்கையே போடாமல் விடுவது எங்கள் பொதுவான உத்தி, ஏமாற்றில்லை என்றது மைக்ரோசாஃப்ட். பள்ளிக்கூடத்தில் இந்த வாதத்தை முயன்று பார்க்காதவர்கள் உண்டா? 2017-ல் கூகுள் ஆக்டேனை ஓய்வுக்கு அனுப்பியது. எல்லோரும் பரீட்சைக்காகவே படிக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

அதே 2017-ல், 'வேகம் வேண்டும்' என்று பத்து வருஷமாகக் கத்திய கூட்டத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் நிஜமாகவே வேகத்தைக் கொடுத்தது. 57-ம் பதிப்பு, குவாண்டம். விலை: பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் பணால். வேகம் கேட்ட அதே கூட்டம் வசதியைக் கேட்டு ஒப்பாரி வைத்தது. நார்வேயில் டெட்ஸ்னர் ஓபராவை விட்டு விலகி விவால்டி என்ற வசதிப் பிரியர்களின் பிரவுசரைத் தொடங்கியிருந்தார். 2022-ல் அதில் மெயில் முழுதாக வந்து சேர்ந்தது. ஜவின்ஸ்கியின் விதி அழிவற்றது.

இன்று பந்தயமே முடிந்த மாதிரிதான். ஓபராவும் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் விவால்டியும் உள்ளே குரோமின் இன்ஜினைத்தான் வைத்திருக்கின்றன. சொந்த இன்ஜின் என்று மிஞ்சியிருப்பவர்களில் பெரியவர்கள் ஆப்பிளும் ஃபயர்ஃபாக்ஸும். அந்த ஃபயர்ஃபாக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முன்னிறுத்துவதற்குக் கூகுள் தரும் பணம். எதிர்க்கட்சிக்கு ஆளுங்கட்சி சோறு போடுகிறது.

பக்கம் மெதுவாக வருவதற்கு இப்போது பெரும்பாலும் பிரவுசர் காரணமில்லை. நாலு பத்தி செய்தியோடு வந்து இறங்கும் விளம்பரமும் வேவுக்காரர்களும்தான் காரணம். அவற்றை வாசலிலேயே நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் சுமாரான கம்ப்யூட்டரும் பறக்கும். அதாவது, சரியான ஒரு வசதிதான் வேகமே. ஆனால் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, யூபிளாக் ஆரிஜின் போன்ற வலுவான தடுப்பான்களை வெளியே அனுப்பிவிட்டது. சொன்ன காரணங்கள் பாதுகாப்பும், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமும். சொன்னது விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி.

ஆகவே பிரவுசர் தேர்ந்தெடுக்கிறவர்களே, உருளைக்கிழங்கு விளம்பரங்களை நம்பாதீர்கள். தினமும் நீங்கள் போகிற பத்துப் பக்கங்களை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பிரவுசருக்குச் சோறு போடுவது யார் என்று விசாரியுங்கள். வேண்டாததைத் தடுக்க உங்களை அனுமதிக்கிற பிரவுசர் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் தொப்பை விழும் நாளில் தயங்காமல் மாற்றுங்கள்.