நைஸாக ஒரு கடிதம்

லெஸ்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கார்த்திகை பிறந்ததிலிருந்து இங்கே நாலு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே அழுது தீர்த்துவிட்டதால், இந்தத் தடவை சாப்பாடு.

ஜலதோஷத்தில் சுருண்டு கிடந்தேன். வீட்டுக்கார அம்மாள் பரிதாபப்பட்டு, "உங்கள் ஊர் சூப்" என்று ஒரு டின்னைத் திறந்து சுடவைத்துக் கொடுத்தார். பெயர் முல்லிகடானி. யாரோ இத்தாலிக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை வாய்விட்டுச் சொன்ன பிறகே பிடிபட்டது: மிளகுத் தண்ணி! உன் ரசம்தான் அம்மா, கப்பலேறி வந்திருக்கிறது. வந்த இடத்தில் கோழி, அரிசி, ஆப்பிள் எல்லாம் உள்ளே குதித்துவிட்டன. மிளகைத்தான் தேட வேண்டியிருந்தது. நீ பார்த்திருந்தால் நேராகக் காவிரிக்குத் தலைமுழுகப் போயிருப்பாய்.

காய்ச்சல் விட்டதும் நூலகத்துக்குப் போய் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டினேன். 1886-இல் வந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் நம் தஞ்சாவூரிலேயே நீதிபதியாக இருந்தவர். பாவம், புத்தகம் வெளிவரும் முன்பே போய்விட்டார். அகராதியின் பெயரே ஒரு கூத்து. மொகரத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மாரடித்து அழுவது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் அப்படி விழுந்திருக்கிறது! சுருட்டு 'செரூட்' ஆனது. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆகி, இப்போது இரட்டை உடம்போடு பணக்காரர்களைச் சுமக்கிறது.

அப்பாவிடம் பதமாகச் சொல்: காசுதான் 'கேஷ்' ஆனது என்று அவர் திண்ணையில் அடித்துச் சொல்வது பாதிதான் சரி. கடையில் கேட்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். நம் காசிலிருந்து போனது வேறொரு கேஷ், செப்புக் காசு. கம்பெனிக்காரன் சென்னைக்காக அடித்த 1808-ஆம் வருடக் காசில் 'இருபது கேஷ்' என்றே பொறித்திருக்கிறது. இந்தப் பாதியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல், கோபம் தணியும்.

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. வீட்டுக்கார அம்மாள் என்னை 'நைஸ் பாய்' என்பார். உச்சி குளிர்ந்து போயிருந்தேன். பாழாய்ப்போன அகராதி ஆசை, அதையும் தேடினேன். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். 1300-களில் இங்கே யாரையாவது நைஸ் என்றால் 'அசடு' என்று அர்த்தம். அப்புறம் கூச்சக்காரன், நாசூக்குக்காரன் என்று படிப்படியாக ஏறித்தான் நல்லவன் ஆகியிருக்கிறான். அந்த அம்மாள் எந்த நூற்றாண்டு அர்த்தத்தில் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நம் வீட்டுக்கு வந்த நைஸ் மட்டும் என்ன, ஆட்டுக்கல்லில் அல்லவா உட்கார்ந்துவிட்டது!

கடைசியாக ஒன்று. டிசம்பரில் மாமா வரும்போது அரைக் கிலோ ரசப்பொடி கொடுத்தனுப்பு. அந்த அம்மாளுக்கு அசல் மிளகுத் தண்ணியைக் காட்டாமல் விடுவதில்லை. நைஸாக அரைத்துவிடாதே, கொரகொரவென்றே இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அசட்டுப் பிள்ளை